இருபத்து மூன்றாவது கேள்வி

வெள்ளிக்கிழமை நாலாவது பீரியட் தன் தலையில் வந்து விழும் என்று ரோசியோ எதிர்பார்க்கவில்லை. அவள் அந்தப் பள்ளியில் ஆசிரியை இல்லை, கண்காணிப்பாளர். மணியடித்த பிறகும் வராந்தாவில் திரிபவர்களை வகுப்புக்குள் விரட்டுவது, காலையில் எல்லோருடைய கைபேசிகளையும் வாங்கி வைப்பது, மதியம் திருப்பிக் கொடுப்பது, சட்டைப் பொத்தானைப் போடச் சொல்வது, இவைதான் வேலை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பஸ் பிடித்துப் பக்கத்து நகரமான ஹலாப்பாவுக்குப் போய் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் உட்காருவாள். அதில் இது மூன்றாவது வருடம்.

"ராத்திரி கிளாஸ்ல அதைத்தானே படிக்கறே?" என்றார் தலைமை ஆசிரியை. "மனசு, உணர்ச்சி, அது இதுன்னு. ரெண்டாம் வருஷம் சி பிரிவு டீச்சருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. நீ போய் உக்காரு. இந்தா புஸ்தகம், முப்பத்தொண்ணாம் பக்கம். வட்டமா உக்கார வைக்கணுமாம்."

"நானா? எனக்கு அதுக்குத் தகுதி..."

"தகுதி இருக்கறவங்களுக்கெல்லாம் முதுகு வலிக்குதும்மா."

விஷயம் இதுதான். சி பிரிவில் ஸைரா என்று ஒரு பெண். போன மாதம் வகுப்போடு அருவிக்குப் போய்த் திரும்பும் வழியில், பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறாள். யாரோ படம் எடுத்து அதை வாட்ஸப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். வகுப்புக் குழுவில் யார் என்ன சொன்னாலும் பதிலுக்கு ஸைராவின் திறந்த வாய்தான். 'பரீட்சை தள்ளிப்போச்சு' என்றால் ஸைரா. 'பசிக்குது' என்றால் ஸைரா. பத்தொன்பது வகை வந்துவிட்டது. ஒன்றில் அவள் வாய்க்குள் ஒரு லாரி நுழைந்துகொண்டிருந்தது.

"இன்னும் நம்ம கேட்டைத் தாண்டல," என்றார் தலைமை ஆசிரியை. "தாண்டறதுக்குள்ள முடிச்சிடு."

ரோசியோ எதையும் எழுதி வைத்துக்கொள்கிற ரகம். வியாழன் மதியம் சாப்பாட்டு இடைவேளையில் தன் நோட்டில் திட்டம் போட்டாள். 10:40 வட்டமாக உட்காருதல். 10:45 புத்தகத்தில் உள்ள கேள்வி. 10:55 பிள்ளைகள் பேசுவார்கள். அதைப் படித்துப் பார்த்துவிட்டு 'பேசுவார்கள்' என்பதை அடித்து 'பேசலாம்' என்று எழுதினாள். அப்புறம் அதையும் அடித்தாள்.

அவள் பையின் அடியில் வேறொரு நோட்டு இருந்தது. அட்டையில் ஒரு பூனைக்குட்டிப் படம், பாதி கிழிந்தது. அவள் படித்ததும் அதே பள்ளி, அதே சி பிரிவு; நோட்டு பதினொரு வருடத்துக்கு முந்தியது. அதில் ஒரு பக்கத்தில் ஒரு வரி காலியாக இருந்தது. நாளைக்கு அந்தப் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து 'யார் செஞ்சது, சொல்லுங்க' என்று கேட்பதானால், அந்தக் காலி வரியை என்ன செய்வது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கேள்வி.

*

அப்போது அந்த நோட்டுக்கு வம்பு நோட்டு என்று பெயர். எல்லா வகுப்பிலும் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு கேள்வி. கீழே ஒன்றிலிருந்து நாற்பது வரை எண்கள். நோட்டு கைக்கு வந்தால் காலியாக உள்ள எண்ணில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பக்கத்திலும் அதே எண்ணுக்கு நேரே பதில் எழுத வேண்டும். யார் எந்த எண் என்று கேட்கக் கூடாது. கையெழுத்தை வைத்துத் தெரிந்தாலும் வெளியே சொல்லக் கூடாது. நோட்டின் சொந்தக்காரி மட்டும் எப்போதும் ஒன்று.

இரண்டாம் வருஷம் சி பிரிவின் வம்பு நோட்டுக்குச் சொந்தக்காரி ரோசியோ. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கேள்விகளுக்குச் சிவப்பு மை, எண்களுக்கு நீல மை. பிடித்த பாட்டு என்ன, யாரை முத்தமிட ஆசை, எந்த வாத்தியாரைக் காணாமல் போகச் செய்வாய் என்று நாற்பது கேள்விகள். இருபத்து மூன்றாவது கேள்வி மட்டும் அவள் யோசித்தது இல்லை. அது அமைராணி சொன்னது. "எல்லாம் சிரிக்கற மாதிரியே இருந்தா போரடிக்கும்டி, ரோ. நடுவுல ஒண்ணு நெஜமா கேளு. 'யார்கிட்டயும் சொல்லாத விஷயம் என்ன?'ன்னு போடு."

அமைராணிதான் அவளுடைய உயிர்த் தோழி. பள்ளி விட்டதும் இருவரும் நேரே தபால் நிலையத்துக்கு எதிரில் இருந்த ப்ரௌசிங் சென்டருக்குப் போவார்கள். ஒரு மணி நேரத்துக்கு எட்டு பெசோ. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு நாற்காலிதான்; ஆளுக்குப் பாதி உட்கார்ந்துகொள்வார்கள். இடது பாதி ரோசியோ, வலது பாதி அமைராணி. ஒரே ஹெட்போனை விரித்து ஆளுக்கொரு காது. ஒரு பாட்டு முழுசாக இறங்க பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் பேசியவை மாதிரி அப்புறம் யாருடனும் பேசியதில்லை என்று ரோசியோவுக்கு இப்போதும் தோன்றும். வெளியே அவர்கள் ஊரான கோவாத்தெபெக்கின் தூறல், பெய்கிறதா நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத தூறல். பக்கத்துத் தெருவில் காப்பிக் கொட்டை வறுப்பார்கள். ஈரச் சட்டையும் வறுபடும் காப்பியும் சேர்ந்த அந்த வாசனை எங்காவது வந்தால், இன்றைக்கும் அவளுக்கு உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் பாதிதான் தன்னுடையது என்று இருக்கும்.

அமைராணியின் அப்பா எல்லை தாண்டி வடக்கே, சிகாகோவில் வேலை செய்தார். அப்படித்தான் எல்லோருக்கும் தெரியும். வெள்ளையில் ஊதாக் கோடு போட்ட ஒரு ஜோடி ஷூ அவளிடம் இருந்தது. அப்பா அனுப்பியது. வகுப்பில் யாரிடமும் அப்படி ஒன்று இல்லை.

வம்பு நோட்டு சுற்றி முடிந்து ரோசியோவிடம் திரும்பி வந்தது. அவள் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். இருபத்து மூன்றாவது பக்கத்தில், பதினேழாம் எண்ணுக்கு நேரே, அவளுக்கு நன்றாகத் தெரிந்த உருண்டைக் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'அப்பா ஒன்றும் அனுப்புவதில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்றே எங்களுக்குத் தெரியாது. ஷூ அம்மா சந்தையில் மூட்டைத் துணிக் கடையில் வாங்கியது.'

வடக்கேயிருந்து பழைய துணிகளும் செருப்புகளும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வரும். பாதி ஊர் அங்கேதான் வாங்கும். வாங்கியதாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

ரோசியோ நோட்டை மூடி வைத்தாள். அன்றைக்கு அவளுக்கு அழுகைதான் வந்தது, அதில் சந்தேகமில்லை. தன்னிடம்கூட வாயால் சொல்லாததை இந்த நோட்டிடம் சொல்லியிருக்கிறாளே என்று.

அடுத்த வாரம் கொடி அணியின் பட்டியலை ஒட்டினார்கள். திங்கள்கிழமைதோறும் கொடி வணக்கத்தில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கொடியோடு நடக்கும் ஆறு பேர். மார்க்கை வைத்துத்தான் எடுப்பார்கள். அமைராணி ஆறாவது. ரோசியோ ஏழாவது. இருவருக்கும் நடுவே 0.2 மார்க், புள்ளிக்கு அப்புறம் வருகிற அந்த இரண்டு மட்டும்.

"அடுத்த வருஷம் உனக்குத்தான்டி," என்று அமைராணி தோளைக் கட்டிக்கொண்டாள். "நான் வேணா ஒரு பாடத்துல கோட்டை விட்டுடறேன்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் அவளுக்கு அணிநடைப் பயிற்சி இருந்தது. ரோசியோ தனியாக ப்ரௌசிங் சென்டருக்குப் போனாள். முழு நாற்காலியும் அவளுக்கு. உட்காரவே தெரியவில்லை.

ஃபேஸ்புக்கில் அப்போது 'வறுபட்டவங்க' என்று ஒரு பக்கம் இருந்தது. பள்ளியில் எவனோ நடத்தினான். யாரைப் பற்றி வேண்டுமானாலும் அனுப்பலாம். அனுப்பியவர் பெயர் வராது. ரோசியோ இரண்டே வாக்கியம் அடித்தாள்: ஷூவைப் பற்றி ஒன்று, சிகாகோ அப்பாவைப் பற்றி ஒன்று. அனுப்பும்போது திரையின் மூலையில் மணி 5:12.

அவள் அதைப் பெரிய விஷயமாகவே நினைக்கவில்லை. அதுதான் பிசகு. வம்பு நோட்டில் பழகிய கை. பெயர் இல்லாமல் எழுதலாம், வகுப்புக்குள் நாலு பேர் படித்துச் சிரிப்பார்கள், அப்புறம் நோட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடலாம் என்கிற கணக்கு. இந்த நோட்டுக்குப் பின் அட்டையே கிடையாது என்பது பதின்மூன்று வயதில் யாருக்குத் தெரிந்திருந்தது?

திங்கள்கிழமை கொடி அணி மைதானத்தில் நடந்து வந்தது. ஆறு பேருடைய கால்களும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தன. முந்நூறு பேர் நிற்கிற வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"சிகாகோ மூட்டை வருது, வழி விடுங்கப்பா!"

கத்தியது யூரியல். வகுப்பின் கோமாளி. மைதானமே சிரித்தது. அமைராணி நடையை நிறுத்தவில்லை. கொடியை அதன் இடத்தில் வைக்கும் வரை கூடவே நடந்தாள். கையுறையைக் கழற்றி மடித்து ஆசிரியர் மேஜையில் வைத்துவிட்டு கேட்டைத் தாண்டிப் போனாள். இரண்டு வாரம் வரவில்லை.

அந்தப் பக்கத்துக்கு எழுதியதும் யூரியல்தான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அவனுக்கு மூன்று நாள் பள்ளி நீக்கம். "நான் கத்தினேன், எழுதல," என்று அவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரோசியோ காதில் போட்டுக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

*

சேமா சார் மின்சாரப் பட்டறை வாத்தியார். வாரம் ஒரு மணி நேரம் வகுப்போடு உட்கார்ந்து 'மனசைப் பற்றிப் பேசும்' பாடம் அந்த வருடம்தான் தீவிரமாக வந்தது. நேரம் காலியாக இருந்த ஒரே ஆள் என்பதால் அதை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு ஒயரிங் படம் படிப்பது மாதிரி படித்தார்.

"வட்டமா உக்காருங்க. ஒரு... ஒரு மென்மையான பொருளைக் கைமாத்திக் குடுக்கணும். அது யார் கைல இருக்கோ அவங்க மட்டும் பேசணும்." சட்டைப் பையைத் தடவினார். மென்மையான பொருள் எதுவும் இல்லை. கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் இருந்தது. "இதை வச்சுக்கோங்க."

டெஸ்டர் சுற்றி வந்தது. வாங்கியவர்கள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் தள்ளினார்கள். தண்டனை முடிந்து வந்திருந்த யூரியல் அதை வாங்கி நெஞ்சில் வைத்துப் பார்த்தான்.

"சார், லைட் எரியல. பீஸ் போயிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சேமா சாரும் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் டெஸ்டர் அமைராணியிடம் போனது. அன்றைக்குத்தான் அவள் திரும்பி வந்திருந்தாள். காலில் அதே ஷூ. அவள் டெஸ்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் பதினேழு," என்றாள்.

முப்பத்தெட்டு பேருக்கும் புரிந்தது. சேமா சாருக்கு மட்டும் புரியவில்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். "நீ மூணு ஆச்சேம்மா. பதினேழு ஹெரார்தோ."

"நான் பதினேழு," என்று மறுபடியும் சொன்னாள். "இருபத்து மூணுல நான் எழுதினது நெஜம். ஷூ சந்தைல வாங்கினது. எங்கப்பா எங்கன்னு எங்களுக்குத் தெரியாது. இப்ப நானே சொல்லிட்டேன். வேற யாரும் சொல்ல வேண்டியதில்ல."

டெஸ்டரைப் பக்கத்தில் கொடுத்தாள். பக்கத்தில் யாரும் வாங்கவில்லை. எதிரிலிருந்து யூரியல் எழுந்து வந்து வாங்கினான்.

"நான் நாலு."

"டேய், நீ முப்பத்தொண்ணு டா," என்றார் சேமா சார், பதிவேட்டில் விரலை ஓட்டியபடி.

"நான் நாலு, சார். இருபத்து மூணுல எழுதினது: நான் இன்னும் எங்கம்மா கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் ரோடு தாண்டறேன். ஒரு தடவை அடிபட்டேன், அதுலேர்ந்து. சிரிக்கறவன் சிரிச்சுக்கலாம்." அமைராணியைப் பார்த்தான். "நான் கத்தினேன். எழுதல. கத்தினதுக்கு ஸாரி."

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் ஒருத்தி, "நான் இருபத்தொம்போது," என்றாள். அவள் வீட்டில் இரண்டு நாளுக்கு ஒரு தடவைதான் தண்ணீர். அப்புறம் ஒன்பது. அப்புறம் முப்பத்து நாலு. புத்தகத்தில் இப்படி ஒன்றும் போட்டிருக்கவில்லை. சேமா சார் அதை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார். பதிவேட்டையும் மூடினார். எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்று பெயர்களாகிக்கொண்டிருந்தன.

டெஸ்டர் கடைசியில் ரோசியோவிடம் வந்தது.

"நான் ஒண்ணு," என்றாள்.

அது எல்லோருக்கும் முன்பே தெரியும். நோட்டின் சொந்தக்காரி. எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்றாம் எண்ணுக்கு நேரே இருபத்து மூன்றாவது பக்கத்தில் எதுவும் இல்லை. மற்றவர்கள் எழுதட்டும், கடைசியில் எழுதலாம் என்று விட்டிருந்தாள், அப்புறம் எழுதவேயில்லை.

"ஒண்ணுல நான் ஒண்ணும் எழுதல," என்றாள்.

அமைராணி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். கோபமாக இல்லை. கரும்பலகையில் ஒரு கணக்கின் விடையைப் பார்ப்பது மாதிரி. மணி அடித்தது.

அதற்குப் பிறகு சி பிரிவில் யாரும் மூட்டை என்று சொல்லவில்லை. ஏ பிரிவுப் பையன் ஒருவன் சொன்னபோது யூரியல் அவனை மறித்து, "எந்த மூட்டைடா? எங்க கிளாஸ்ல முப்பத்தெட்டு இருக்கு, எது வேணும்?" என்றான். 'வறுபட்டவங்க' பக்கத்துக்கு சி பிரிவிலிருந்து ஒரு வரிகூடப் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை; அனுப்ப ஒன்றும் மிச்சமில்லை. கிறிஸ்துமஸுக்குள் அந்தப் பக்கமே தூங்கிப்போனது.

அமைராணி ரோசியோவோடு சண்டை போடவில்லை. பென்சில் கேட்டால் கொடுத்தாள். பிறந்தநாளுக்கு வாழ்த்தினாள். ப்ரௌசிங் சென்டருக்கு மட்டும் வரவில்லை. மூன்றாம் வருடம் முடிந்ததும் அம்மாவோடு தொலைவிலுள்ள கெரெத்தாரோ நகரத்துக்குப் போய்விட்டாள்.

*

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல் ரோசியோ வகுப்புக் கதவில் துணிப் பைகளைத் தொங்கவிட்டாள். வீட்டில் செருப்பு வைக்கத் தொங்கவிடுவார்களே, அதே மாதிரி; ஒன்றிலிருந்து முப்பத்து நாலு வரை எண் தைத்திருக்கும். பிள்ளைகள் கைபேசிகளை அவரவர் பையில் போட்டார்கள். வட்டமாக உட்கார்ந்தார்கள். ஸைரா கதவுக்குப் பக்கத்தில், சட்டைக் காலரை மூக்கு வரை இழுத்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாரமாக அவள் அப்படித்தான்.

ரோசியோ முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தாள். "இன்னிக்கு உங்க மனசு என்ன நிறத்துல இருக்கு?"

"வெளிர் மஞ்சள், மிஸ்," என்றான் இக்கேர். வாய் ஓயாத பையன். "பசி நிறம்."

"எனக்கு தமால் நிறம்," என்றான் இன்னொருவன், சோளமாவுக் கொழுக்கட்டையை நினைத்து.

"பச்சைச் சட்னியா, சிவப்புச் சட்னியா?"

வகுப்பு கலகலத்தது. ஸைரா காலரை இன்னும் மேலே இழுத்தாள். திட்டத்தில் 10:55 ஆகியிருந்தது. இதெல்லாம் தன்னால் ஆகிற காரியமில்லை என்று ரோசியோவுக்குத் தோன்றியது. போன வருடம் ஒருநாள் யூரியலின் கைபேசி ரிப்பேர் கடையில் நின்றுகொண்டு அவனிடம் உண்மையைச் சொல்லியிருந்தாள். அவன் ஸ்க்ரூ டிரைவரை நிறுத்தாமல், "எனக்கு மூணு நாள் லீவு கெடச்சுது, அதோட சரி," என்றான். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது, ரோ? அமைராணியோட கெரெத்தாரோ நம்பர் நம்ம பழைய கிளாஸ் குரூப்லதான் இருக்கு."

புத்தகத்தை மூடினாள். பையிலிருந்து பூனைக்குட்டி நோட்டை எடுத்தாள்.

"அது என்ன மிஸ்?"

"வம்பு நோட்டு."

நோட்டைச் சுற்றுக்கு விட்டாள். பேனா மையைத் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி முகர்ந்து பார்த்தாள். "காகித வாட்ஸப்பா மிஸ்?" என்றான் இக்கேர். "ஆமா, ஸ்டிக்கர் கெடையாது," என்றாள் ரோசியோ. யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் அவள் சொன்னாள். பெயர்களைச் சொல்லாமல், மற்றதையெல்லாம். பாதி நாற்காலி, கொடி அணி, புள்ளிக்கு அப்புறம் இரண்டு, மணி 5:12. சொல்லச் சொல்லத் தன் குரல் சேமா சார் படிப்பது மாதிரி இருப்பதாக அவளுக்குப் பட்டது. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று நிறுத்தாமல் போனாள்.

"நீங்களா மிஸ் எழுதினது?"

"நான்தான்."

"நீங்க எங்களுக்குச் சட்டைப் பொத்தான் போடச் சொல்றீங்க!"

"ஆமா."

"அப்புறம் ஸாரி கேட்டீங்களா?" என்றான் இக்கேர்.

"இல்ல."

"இன்னுமா? பதினொரு வருஷமா?" அவன் உண்மையிலேயே அதிர்ந்துபோயிருந்தான். "நான் பிறந்து ரெண்டு வருஷத்துலேர்ந்து மிஸ்!"

"அவங்களுக்குத் தெரியுமா, நீங்கதான்னு?" கேட்டது ஸைரா. காலருக்குள்ளிருந்து வந்ததால் குரல் கம்மியாக இருந்தது.

"தெரியும்னு நெனைக்கறேன்."

"நெனைக்கறது வேற மிஸ்." ஸைரா காலரைக் கீழே இறக்கினாள். "யாருன்னு தெரியாம இருக்கறதுதான் கஷ்டம். கேலி பண்ணினது அவ்ளோ இல்ல. ஒவ்வொருத்தரா மூஞ்சியப் பாத்துட்டே இருக்கணும். இவனா, இவளான்னு. ஹாய் சொல்றவங்க மேலயும் சந்தேகம் வரும். பதினொரு வருஷம் நான்னா முடியாது."

புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இது இல்லை. ரோசியோ படித்த மூன்று வருடத்திலும் யாரும் இதைச் சொன்னதில்லை. அவள் நோட்டைத் திரும்ப வாங்கி இருபத்து மூன்றாவது பக்கத்தைத் திறந்தாள். ஒன்றுக்கு நேரே எழுதினாள்: 'பதினேழாம் எண் சொன்னதை வெளியே போட்டது நான். என்னை நம்பித்தான் எழுதியிருந்தாள்.' அவளுடைய கையெழுத்து பதினொரு வருடத்தில் மாறிப்போயிருந்தது. மை மட்டும் அதே நீலம்.

"ஃபோட்டோ எடுத்து அவங்களுக்கு அனுப்புங்க மிஸ்," என்றாள் ஒருத்தி.

"கிளாஸ்ல கைபேசி கூடாது," என்றாள் ரோசியோ, பழக்க தோஷத்தில்.

"மிஸ்!" என்று முப்பத்து நாலு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

அவள் கதவுக்குப் போய், பிள்ளைகளுடையவற்றோடு போட்டிருந்த தன் கைபேசியை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தாள். பழைய வகுப்புக் குழுவிலிருந்து அமைராணியின் எண்ணைத் தேடி எடுத்தாள். அனுப்பினாள். ஒரு டிக். இரண்டு டிக். நீலமாகவில்லை. பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மணி அடித்துவிட்டது.

மதியம் பள்ளி விடும்போது கைபேசிகளைத் திருப்பிக் கொடுக்கும் தள்ளுமுள்ளில், இக்கேர் ஸைராவின் முன்னால் வந்து நின்றான். அவளுடைய ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"பஸ்ல எடுத்தது நான்தான்."

"தெரியும்."

"எப்படி?"

"ரெண்டு நாள் முன்னாடிதான் கவனிச்சேன், படத்துல மூலைல ஒரு கட்டைவிரல் இருக்கு. நகத்துல பேனா கிறுக்கியிருக்கு. நம்ம கிளாஸ்ல நீ ஒருத்தன்தான் நகத்துல பாம்பு வரைவே."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவியான்னு பாத்தேன்."

அவன் கைபேசியை எடுத்து அந்தப் படத்தை அவள் முன்னாலேயே அழித்தான். அழித்துவிட்டு வகுப்பைப் பார்த்து, "எல்லாரும் அழிங்கடா, அந்த லாரியையும் சேத்து," என்றான். ரோசியோ அன்று சாயங்காலம் தன் நோட்டில் எழுதினாள்: '34 பேரில் 32 பேர் அழித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். மீதி இரண்டு பேரைத் திங்கள்கிழமை பார்க்க வேண்டும். 32-ஐயும் முழுக்க நம்பலாமா தெரியவில்லை. ஸைரா காலரை இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அதை நானே பார்த்தேன்.'

சனிக்கிழமை டிக் நீலமாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. சோப்புக் கையோடு எடுத்தாள்.

'பார்த்தேன்,' என்று இருந்தது. அவ்வளவுதான். எதிர்முனையில் எழுதுவது தெரிந்தது, நின்றது, மறுபடி எழுதுவது தெரிந்தது. ரோசியோ கல்லின்மேல் உட்கார்ந்தாள். குழாயை மூட மறந்துவிட்டாள்.

'எனக்கு அன்னிக்கே தெரியும்டி. நீ எப்பச் சொல்லுவேன்னு ரொம்ப நாள் பாத்தேன். அப்புறம் பாக்கறத விட்டுட்டேன். நீ ஸாரி சொன்னாலும் உடனே என்னால ஏத்துக்க முடியுமான்னு தெரியல. யோசிக்கறேன்.'

கொஞ்சம் கழித்து இன்னொன்று வந்தது.

'அந்த நோட்டு இன்னுமா வச்சிருக்கே?? ஒவ்வொரு பக்கமா அனுப்பு. அப்ப எனக்கு எந்தப் பாட்டு புடிச்சுதுன்னே மறந்துபோச்சு. 23 வேணாம். அது எனக்குத் தெரியும்.'

ரோசியோ கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜன்னலோரம் வெளிச்சத்தில் நோட்டை விரித்தாள். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது, அல்லது நின்றுகொண்டிருந்தது. முதல் கேள்வி, பிடித்த பாட்டு. பதினேழுக்கு நேரே உருண்டைக் கையெழுத்து. ஒரு கையால் பக்கத்தை அழுத்திப் பிடிக்காவிட்டால் நோட்டு மூடிக்கொண்டது. அதனால் ஒவ்வொரு படத்திலும் மூலையில் அவளுடைய கட்டைவிரல் விழுந்தது. வெட்டிவிடலாம் என்று முதலில் நினைத்தாள். அப்புறம் வெட்டாமல், அப்படியே அனுப்பினாள்.